இடது வால்வு சிவந்த அந்த மூன்று நாள்

அடி என் பிலோமி,

நல்லா இருக்கியா என்று கேட்டுத்தான் எனக்குக் கடிதம் தொடங்கிப் பழக்கம். இனி அதைக் கேட்க வழியில்லை என்று தெரிந்தும் கை முதலில் அதையே எழுதியது. அடித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன், வரவில்லை. இருக்கட்டும். நல்லா இருக்கியாடீ?

இன்று ஞாயிற்றுக்கிழமை. நேற்று சூளையை அணைத்துவிட்டார்கள். அது தானாக ஆறும்வரை யாரும் கதவைப் பிரிக்கக் கூடாது, அதனால் எனக்கு வேலை இல்லை. பொம்மைக் கம்பெனிக்குப் பின்னால், மண் காயப்போடும் கொட்டகையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெள்ளை மண் தூசு வெயிலில் மிதந்துகொண்டிருக்கிறது. இந்த மாதிரி மத்தியானத்தில் எது நடந்தது, எது நானாக நினைத்துக்கொண்டது என்று எனக்குச் சட்டென்று பிடிபடுவதில்லை. வாசலில் நின்று நீ "போலாமா?" என்று கேட்டதுபோல் இருந்தது. இரண்டு தரம் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டேன்.

ஊர்ச் சேதி சொல்கிறேன், கேட்டுக்கொள். உன் இடத்தில் இப்போது கம்மாபுரத்துப் பெண் ஒருத்தி உட்கார்ந்து பொம்மைக்குக் கண் எழுதுகிறாள். அவள் எழுதிய கிருஷ்ணருக்கு ஒரு கண் கடலூரைப் பார்க்கிறது, இன்னொரு கண் சேலத்தைப் பார்க்கிறது. பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. சுரங்கத்துக்கு அவர்கள் பக்கத்து நிலத்தை எடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு. ஒரு நாள் அழுதுகொண்டு வருகிறாள், ஒரு நாள் சிரித்துக்கொண்டு வருகிறாள். கண் எப்படி நேராக வரும்?

ஜங்ஷனில் கரி இஞ்சின் குறைந்து டீசல் வர ஆரம்பித்துவிட்டது. நீ கிதாருக்குச் சுருதி சேர்க்கும்போது ஒத்துப் பார்ப்பாயே, அந்தக் கூவல் இப்போது எப்போதாவதுதான் கேட்கிறது.

முந்தாநாள் உன் தங்கச்சி ரோசி வந்திருந்தாள். அவள் சொன்ன ஒன்றுக்காகத்தான் இந்தக் கடிதம். அதை எடுத்தவுடனே எழுத எனக்குத் தெம்பில்லை. அந்த மூன்று நாளை என் பக்கத்திலிருந்து நீ கேட்டதே இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கிதாரும் பெட்டியும் உனக்கு வந்த கதை ஊருக்கே தெரியும். ரயில்வே காலனியில் இருந்த ஆங்கிலோ இந்தியன் ரயில் கார்டு ஒருத்தரின் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறும்போது, அவர்கள் வீட்டுத் துணியெல்லாம் தைத்துக்கொடுத்த உனக்கு இரண்டையும் விட்டுப்போனார்கள். கிதாரை நீயே தடவித் தடவிக் கற்றுக்கொண்டாய். கிதார் சத்தத்தைப் பெரிசாக்கும் அந்த ஆம்பிளிஃபயர் பெட்டியைத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். முன்னால் ஸ்பீக்கர். பின்பலகையைக் கழற்றினால் கண்ணாடி வால்வுகள், சின்னது மூன்று, பெரியது இரண்டு. அந்தப் பெரியது இரண்டும்தான் பவர் வால்வு, சத்தத்துக்குப் பலமே அதுதான் என்று பஸ் ஸ்டாண்டு பக்கத்து ரேடியோ கடை பாய் சொல்லியிருந்தார்.

அந்த வருஷம் மெட்ராசிலிருந்து ஒரு மெல்லிசைக் குழுக்காரர் உனக்குப் போஸ்ட் கார்டு போட்டார். தெற்கே கச்சேரி முடித்துத் திரும்பும் வழியில், ஞாயிறு மத்தியானம் ஜங்ஷனில் இறங்கி உன் வாசிப்பைக் கேட்கிறேன், பிடித்திருந்தால் குழுவில் சேர்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார். கிதாரும் பெட்டியும் உன் சொந்தமாக இருக்கணும், பெட்டி நல்ல நிலையில் இருக்கணும் என்று ஒரு நிபந்தனை வேறு.

கார்டை நீ காட்டியபோது "அடி சக்கை!" என்று சொல்லி உன் முதுகில் அடித்தேன். உள்ளுக்குள் எனக்கு அழுகைதான் வந்தது. பொறாமை இல்லை பிலோமி, அதை மட்டும் நம்பு. உன் வீட்டிலிருந்து கம்பெனி வரைக்கும் தினம் நடக்கிற அந்தக் கால் மணி நேரம்தான் எனக்கு நாள் என்பதே. மிச்ச நேரமெல்லாம் நான் சூளைக்கு மண் சுமந்தேன், வீட்டுக்குத் தண்ணி சுமந்தேன், அவ்வளவுதான். நீ போய்விட்டால் நான் யாரோடு நடப்பேன்? இதை உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. போகாதே என்று சொல்ல நான் யார் என்று இருந்தது.

பெட்டி கொஞ்ச நாளாகவே சளி பிடித்த மாதிரி கம்மிக் கிடந்தது. பவர் வால்வு இரண்டையும் மாற்றினால் சரியாகும் என்றார்கள். பாண்டிச்சேரியிலிருந்து ஒரு கண்டக்டர் புது வால்வு ஜோடியைப் பஞ்சு சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். வெள்ளிக்கிழமை வேலை விட்டதும் உன் வீட்டில் உட்கார்ந்தோம்.

வலது பக்கத்துப் பழைய வால்வு உன் கைக்குச் சமர்த்தாக வந்துவிட்டது. இடது பக்கத்தது அசையவில்லை. நீ மெதுவாக, மெதுவாக என்றாய். நான் கேட்கவில்லை. மெருகு உருகிச் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொண்ட பொம்மையை நாங்கள் எப்படி எடுப்போம்? ஆட்டி, முறுக்கி, ஒரு வெட்டு வெட்டி எடுப்போம். அதே கையால்தான் அதையும் பிடுங்கினேன். வந்ததும் பெருமையாக உன் முகத்தைப் பார்த்தேன்.

புதுசைச் செருகி ஸ்விட்சைப் போட்டோம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, நீ விளக்கைப் போடவில்லை. இரண்டு கண்ணாடிக்குள்ளும் ஆரஞ்சு நூல் மாதிரி ஒரு வெளிச்சம் எழுந்தது. கொஞ்ச நேரத்தில் இடது வால்வுக்குள் இருந்த சாம்பல் நிறத் தகடே மெல்லச் சிவக்க ஆரம்பித்தது. எனக்கு அந்த நிறம் தெரியும். சூளைச் சுவரில் இருக்கும் பார்வை ஓட்டையில் கண்ணை வைத்து, அந்தச் சிவப்பு எப்போது வரும் என்று எத்தனை நாள் காத்திருக்கிறேன்!

"பக்குவத்துக்கு வந்துடுச்சிடீ" என்றேன். "இந்தப் பக்கம் வெந்துடுச்சி. அந்தப் பக்கம் பாரு, இன்னும் கறுப்பாவே இருக்குது. அதான் சரியில்ல."

நீ என்னை நம்பினாய். நெருப்பு விஷயத்தில் நான் சொன்னால் மேஸ்திரியே நம்புவார், நீ நம்பாமல் என்ன செய்வாய்? அணைத்து, ஆறவிட்டு, வால்வுகளை இடம் மாற்றிப் போட்டோம். மறுபடியும் இடது பக்கம்தான் சிவந்தது, வலது பக்கம் கறுப்பாகவே இருந்தது. அப்போதாவது யோசித்திருக்கலாம். ஆனால் சூளையில் ஒரு பக்கம் சிவந்து ஒரு பக்கம் கறுத்திருந்தால் கறுத்த பக்கத்துக்குத்தான் தீ ஏற்றுவோம். வேறு எதுவும் எங்களுக்குத் தெரியாது. பின்னால் ஒரு சின்னத் திருகு இருந்தது. அதைத் திருப்பித் திருப்பி, வலது வால்வும் சிவக்கும்வரை விடவில்லை நான்.

இரண்டும் ஒரே நிறம். சூளைக்காரிக்கு அதைவிடச் சந்தோஷம் என்ன இருக்கிறது? நீ கிதாரை எடுத்து வாசித்தாய். என்ன வாசித்தாய் என்று எனக்கு நினைவில்லை. உன் மூக்குத்தி மேலும் விரல் மேலும் அந்தச் சிவப்பு விழுந்திருந்தது. சத்தம் அறை முழுக்கப் பருத்து, சுவரெல்லாம் மெத்தென்று ஆனதுபோல் இருந்தது. அந்தப் பத்து நிமிஷம் நான் கண் திறந்துகொண்டு தூங்கினேன் என்றுதான் சொல்லணும். நீ எங்கும் போகப் போவதில்லை என்று எனக்கு அப்போது தோன்றியது. ஏன் தோன்றியது என்று தெரியாது.

அப்புறம் பெட்டி தேனடை மாதிரி இரைய ஆரம்பித்தது. ஏதோ கருகும் வாசனை வந்தது. டப்பென்று ஒரு சத்தம், அத்தோடு எல்லாம் அணைந்தது. இருட்டிலேயே நீ எழுந்தாய். பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, கிதாரை உறைக்குள் போட்டாய்.

சனிக்கிழமை உனக்கு வேலை இருந்தது, எனக்குச் சூளை ஆறும் நாள். வால்வுகளைத் துண்டில் சுற்றிக்கொண்டு பாய் கடைக்கு நான் போனேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். வலது பக்கத்தைச் சிவக்க வைத்த கதையைக் கேட்டதும் அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். வால்வில் நடுவில் இருக்கும் நூல்தான் ஒளிரணும், வெளித்தகடு சிவந்தால் அது சாகப்போகிறது என்று அர்த்தமாம். நல்லா இருந்த பக்கத்தைத்தான் நாம் கெட்டது என்று நினைத்து, அதற்கும் தீ வைத்திருக்கிறோம்.

"மாத்திப் போட்டும் இடது பக்கமே செவந்துச்சின்னா வால்வு மேல தப்பு இல்ல பாப்பா. அது குந்துற எடத்துல தப்பு" என்றார். பழசை எப்படிக் கழற்றினீர்கள் என்று கேட்டார். காட்டினேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் ஆட்டிய ஆட்டத்தில், வால்வின் காலைக் கவ்விப் பிடிக்கும் சின்னத் தகரக் கவ்வி ஒன்று அகன்றுபோயிருக்கிறது. வால்வை மிதமிஞ்சிப் போகாமல் இழுத்துப் பிடிக்கிற கரண்ட்டு அந்தக் கால் வழியாகத்தான் வரணுமாம். அது தொடாததால் வால்வு கடிவாளம் இல்லாத குதிரையாக ஓடியிருக்கிறது.

வேலை ஒன்றும் பெரிசில்லை என்றார். பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே கரண்ட்டு தங்கியிருக்கும், ஒரு நாள் போகட்டும், அப்புறம் ஊசியால் அந்தக் கவ்வியை நெருக்கிவிடு, திருகைப் பழையபடி திருப்பு, புதுசு இரண்டும் பாதி உசிரு, அதனால் பழைய வால்வையே போடு, சத்தம் கம்மியாக இருந்தாலும் பாட்டு வரும் என்று விளக்கினார். உருகிப்போன ஃபியூசுக்குப் பதில் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினார்.

அதாவது ஞாயிறு நீ வாசிக்கலாம். நீ போகலாம். இதைத் தெரிந்துகொண்ட ஒரே ஆள் நான்.

கம்பெனிச் சாப்பாட்டு மணி அடிக்கிற நேரத்துக்குக் கேட்டில் வந்து நின்றேன். நீ கையெல்லாம் நீலச் சாயத்தோடு ஓடிவந்து என்ன ஆச்சு என்றாய். வாயைத் திறந்தேன். "பாய் கடை பூட்டியிருந்துச்சி" என்று வந்தது. நினைத்துவைத்துச் சொன்ன பொய் இல்லை அது. ஆனால் சொன்ன பிறகு திருத்தவும் இல்லை. உன் முகம் வாடியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஃபியூசு என் முந்தானை முடிச்சில் இருந்தது.

அங்கிருந்து நேராக மணவாளநல்லூருக்கு நடந்தேன். எனக்குப் பேர் கொடுத்த கொளஞ்சியப்பர் கோயிலுக்கு. நியாயம் கிடைக்காதவர்கள் அங்கே வெள்ளைத்தாளில் பிராது எழுதி, சாமி காலடியில் வைத்து, முனியப்பர் வேலில் கட்டிவிட்டு வருவது உனக்கும் தெரியும்தானே. சாமியே பார்த்துத் தடுத்துவிட்டால் என் கை சுத்தம் என்று ஒரு கணக்கு. பொய்யைச் சாமி தலையில் கட்டப் பார்த்தேன் என்று சொன்னாலும் சரிதான்.

"பிலோமினா மெட்ராசுக்குப் போகக் கூடாது" என்று எழுதிவிட்டேன். பக்கத்தில் பிராது எழுதிக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா எட்டிப் பார்த்து, "யாரு மேல பிராதுன்னு போடலியேம்மா. எதிராளி பேரு, ஊரு எழுதணும். இல்லன்னா சாமி யாரப் போய் விசாரிக்கும்?" என்றாள்.

அங்கேதான் எனக்குக் கை நின்றது. யார் பேரை எழுதுவேன்? அந்த மெட்ராஸ்காரர் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. உன் பேரை எழுதினால் நீ செய்த தப்பு என்ன, கிதார் நன்றாக வாசித்ததா? நிஜமாகப் பார்த்தால் எழுதவேண்டியது என் பேரைத்தான். என் மேல் நானே பிராது கட்டி, என் பேர்க்காரச் சாமியையே விசாரிக்கச் சொல்வதா? வேப்ப மரத்தடியில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் தாளைக் கிழித்துவிட்டு வந்தேன். அப்படியும் அன்றைக்கு உன் தெருப்பக்கம் வரத் துணிச்சல் வரவில்லை.

ஞாயிறு காலை நீ பூசை முடிந்து வந்த பிறகு வந்தேன். வாசற்படி ஏறும்போதே சொல்லிவிட்டேன், நின்றால் மறுபடி வேறு ஏதாவது வாயில் வரும் என்று பயம். பாய் கடை திறந்துதான் இருந்தது, எல்லாம் சொன்னார், இந்தா ஃபியூசு, நான்தான் மறைத்தேன். இவ்வளவுதான் சொன்னேன். ஏன் மறைத்தேன் என்று சொல்லவில்லை. நீயும் கேட்கவில்லை. என் முகத்தையே நெடுநேரம் பார்த்தாய். உன் கண் கலங்கியிருந்தது, கோபம் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் சொன்னாய்: "சரி. ஊசிய எடு."

உன் தையல் ஊசியால் கவ்வியை நெருக்கியதும் நான்தான். பழைய வால்வுகளைச் செருகி, திருகைத் திருப்பி, ஸ்விட்சைப் போட்டு, இரண்டு பேரும் இடது பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து நிமிஷம், கால் மணி. நடுவில் நூல் மட்டும் ஒளிர்ந்தது. தகடு சாம்பல் நிறமாகவே இருந்தது. சிவக்காததைப் பார்த்துச் சந்தோஷப்படவேண்டிய நிலைமை என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

மெட்ராஸ்காரர் வந்தார், கேட்டார், கையில் இருந்த டீயைக் குடிக்க மறந்தார். பத்தே நாளில் நீ போனாய். ஸ்டேஷனில் நான் உன்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று, பெட்டியைச் சாய்த்து வைக்காதே என்பது. ரயில் போன பிறகு பிளாட்பாரத்தில் நின்று அழுதேன், கூலிக்காரர் ஒருத்தர் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

ஏழு வருஷம் நீ மேடை மேடையாக வாசித்தாய். கடிதம் போட்டாய், ஒவ்வொன்றும் நாலு வரி. போன ஐப்பசியில் மஞ்சள் காமாலை என்று தந்தி வந்தது. நான் எழும்பூரில் இறங்கி வழி கேட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. உன் விரல் நுனிகள் காய்த்துப்போயிருந்ததைத் தொட்டுப் பார்த்தேன்.

இப்போது ரோசி சொன்னதைச் சொல்கிறேன். அவளிடம் அந்த மூன்று நாள் கதையை எடுத்தேன். நான் ஒரு நாள் மறைத்து வைத்தேன், உன் அக்கா என்னை மன்னித்தாளோ இல்லையோ என்று புலம்பினேன். ரோசி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "அக்காவுக்குத் தெரியுமே" என்றாள்.

கடை பூட்டியிருக்கிறது என்று நான் சொன்னதால், சனிக்கிழமை சாயங்காலம் நீயே ஒரு நடை போய்ப் பார்த்திருக்கிறாய். காலையிலேயே உன் சிநேகிதியிடம் எல்லாம் சொல்லி அனுப்பினேனே என்று பாய் சொல்லியிருக்கிறார். கவ்வி, ஊசி, திருகு எல்லாவற்றையும் உனக்கும் சொல்லி, இன்னொரு ஃபியூசும் கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்து நீ பெட்டியைத் தொடவே இல்லையாம். ஞாயிறு காலை பூசைக்குக் கிளம்பும்போது, ஏன்க்கா சரி பண்ணல என்று ரோசி கேட்டிருக்கிறாள்.

"கொளஞ்சி வந்து சொல்லட்டும். வரலன்னா அவளுக்கு நான் இங்க வேணும்னு அர்த்தம். நான் போகல, இருந்துடுறேன்" என்றாயாம்.

பிலோமி, இதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏண்டி இப்படிச் செய்தாய்? என்னைச் சோதித்துப் பார்த்தாயா? ஒரு நாள் முழுக்க நீ எனக்காகக் காத்திருந்தாய், ஒரு நாள் முழுக்க நான் பயந்து ஒளிந்திருந்தேன். வெட்கத்தில் செத்துக்கொண்டே வந்து உண்மையைச் சொன்னேனே, அதுதான் உன் காதில் "போ" என்று விழுந்ததா? என் முகத்தை நெடுநேரம் பார்த்தாயே. இன்னொரு வார்த்தை வருமா என்றா பார்த்தாய்?

நான் இன்னும் கொஞ்சம் கெட்டவளாக இருந்திருந்தால் நீ இங்கேயே இருந்திருப்பாய். உயிரோடு இருந்திருப்பாயா என்று கூட இரண்டு நாளாக நினைத்துப் பார்க்கிறேன். அப்புறம் ரோசி காட்டிய படம் நினைவுக்கு வருகிறது. ஏதோ ஒரு மேடையில், கிதாரை அணைத்துக்கொண்டு, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு நிற்கிறாய். இங்கே இருந்தவரை அப்படி நீ சிரித்ததில்லை. அதைப் பார்த்தால் நான் உண்மையைச் சொன்னதே நல்லது என்றிருக்கிறது. பார்க்காதபோது வேறு மாதிரி இருக்கிறது. எது சரி என்று நீதான் சொல்லணும், நீயோ போய்ச் சேர்ந்துவிட்டாய்.

நானும் வாயைத் திறக்கவில்லை, நீயும் திறக்கவில்லை. நல்ல ஜோடிதான். "இருடீ" என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தாலும் ஒருவேளை நீ போயிருப்பாய், நானும் ஊசியை எடுத்துக் கொடுத்திருப்பேன். ஆனால் உன்னை வேண்டும் என்று நினைத்த ஒருத்தி இந்த ஊரில் இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டு ரயில் ஏறியிருப்பாய். அது தெரியாமலே உன்னை அனுப்பிவிட்டேன். எனக்குத் தாங்காதது அதுதான்.

ரோசிக்குத் திருச்சியில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. புதன்கிழமை காலை ரயில். நீ போன பிறகு அடிக்கடி வந்து என்னோடு உட்கார்ந்திருந்த ஒரே ஜீவன் அவள்தான். நான் ஸ்டேஷனுக்குப் போவேன். முதலில் அவள் கையைப் பிடித்து, நீ போனால் எனக்குக் கஷ்டமாக இருக்கும், எனக்கு நீ வேணும்டீ என்று வாயைத் திறந்து சொல்வேன். அவள் அதை நன்றாகக் கேட்டுக்கொள்கிறவரை கையை விடமாட்டேன். அதற்குப் பிறகுதான் அவள் டிரங்குப் பெட்டியைத் தூக்கி உள்ளே வைப்பேன். உன்மேல் சத்தியம்.

உன்னைவிட மூன்று மாதம் மூத்தவள், ஒரு நாளும் உன் வாயால் அக்கா என்று கேட்டறியாதவள்,
உன் கொளஞ்சி